நெய் உறையாத தூரம்

அந்த வீட்டில் கேரியர் விளக்குவது மட்டும் சாரா பீவியின் வேலை. மற்றப் பாத்திரங்களை இளைய மகள் ஆரிஃபா தேய்ப்பாள். அண்டா குண்டான் தேய்க்க வீராயி வருவாள். நாலடுக்குப் பித்தளைக் கேரியரை மட்டும் சாரா பீவி இன்னொருத்தி கையில் கொடுத்ததில்லை. கிணற்றடியில் மணையைப் போட்டு உட்கார்ந்து, பழம்புளியும் அடுப்புச் சாம்பலுமாக ஒவ்வோர் அடுக்கையும் மடியில் கவிழ்த்துத் தேய்ப்பாள். பிறகு உள்ளே பூசிய ஈயம் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"ஈயம் போனதுல ஆணத்தை ஊத்தினா களிம்பு ஏறிடும். பேரு கேரியருக்கா வரும்? எனக்குல்ல வரும்" என்பாள். குழம்புக்கு அவர்கள் வீட்டில் ஆணம் என்றுதான் பேர்.

பாலக்கரையில் சாரா பீவியை நேரில் பார்த்தவர்கள் குறைவு. அவளுடைய கேரியரைப் பார்க்காதவர்கள் யாருமில்லை. ஜட்கா வண்டியில் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு அதுவும் ஒரு சவாரி மாதிரி உட்கார்ந்து போகும். மூத்த மகள் வஹீதாவை உறையூரில் கொடுத்திருந்தது. செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று என்று வாரம் இரண்டு தடவை கேரியர் உறையூருக்குப் போய்த் திரும்பும். மகளுக்கு மசக்கை என்றால் தினமும் போகும். மருமகனுக்கு ஜலதோஷம் என்றால் மிளகு ரசத்தோடு போகும்.

ஊர்களுக்கு நடுவே இத்தனை மைல் என்று யாராவது சொன்னால் சாரா பீவிக்கு ஒன்றும் புரியாது. அவளுக்குத் தெரிந்தது சோற்றுக் கணக்கு. உறையூர் ஆப்பத் தூரம். ஆப்பத்தின் ஓரம் பதம் போவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். காவிரிப் பாலத்தைத் தாண்ட வேண்டியிருப்பதால் ஸ்ரீரங்கம் இடியாப்பத் தூரம். தஞ்சாவூர் கறிச்சோற்றுத் தூரம். மதுரை புளிச்சோற்றுத் தூரம். மெட்ராஸ் ரொட்டித் தூரம். அதற்கும் அப்பால் உள்ள உலகம் மொத்தமும் ஊறுகாய்த் தூரம். ரங்கூனும் பினாங்கும் கொழும்பும் அவளுக்கு ஒரே ஜாடிக்குள் இருந்தன.

ஆரிஃபாவை மதுரையிலிருந்து ஒரு ஜவுளிக்கார வீட்டில் கேட்டு வந்தபோது இந்தக் கணக்கு ஊருக்கே தெரிந்துபோனது. கூடத்தில் ஜமாஅத் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் நகை, நட்டு, தோட்டம் என்று அடுக்கிக்கொண்டே போனார்கள். சாரா பீவியின் வீட்டுக்காரர் முகம்மது கனி தலையாட்டிக்கொண்டிருந்தார். அவர் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர். செம்பட்டில் தோல் கிடங்கு வைத்திருந்தார். தோல் வாடையில் மூக்கு மரத்துப்போனது போல, வீட்டுப் பேச்சில் காதும் அவருக்கு மரத்துப்போயிருந்தது. அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"காலையில நான் வடிச்ச சோறு மத்தியானம் என் மக தட்டுல சூடா இருக்கணும். அந்தத் தூரத்துக்குள்ள யாரு வந்து கேட்டாலும் பேசலாம். அதைத் தாண்டினா, தங்கத்துல இழைச்சாலும் கிடையாது."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மதுரைக்காரர்கள் பலகாரத்தைத் தின்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதன்பிறகு நாகூரும் கரூரும் அதே போலத் திரும்பின. சொன்ன சொல் நாலு பேர் முன்னால் சொன்னதாகிவிட்டது. சாரா பீவிக்கு அது பெருமையாகவும் இருந்தது.

உறையூரில் வஹீதாவின் பாடு வேறாக இருந்தது. கேரியர் வந்து இறங்கியதும் அவளுடைய மாமியார் அதைக் கூடத்தின் நடுவில் வைத்துவிட்டு, "உங்கம்மா வீட்டுச் சோறு வந்தாச்சும்மா. நாங்க ஆக்கினதை மாட்டுக்கு ஊத்திரட்டுமா?" என்று கேட்பாள். வாரம் இரண்டு தடவை கேட்பாள். வஹீதா இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கேரியரோடு அம்மாவும் ஜட்காவில் ஏறி வந்துவிடுவாள் என்று பயம். தங்கையிடம் மட்டும் சொன்னாள்.

"நீயாச்சும் கேரியர் வராத ஊராப் பாத்துக் கட்டிக்கடி. ஆம்பளை எப்படி இருந்தாலும் பழகிக்கலாம். வாரத்துக்கு ரெண்டு வாட்டி இந்தக் கேரியருக்குப் பதில் சொல்ல முடியலை."

ஆரிஃபா அதை மறக்கவில்லை. அவளுக்கு வயது பதினெட்டு. அம்மாவின் கைப்பக்குவமும் அம்மாவைவிட ஒரு பங்கு அதிகமான பொறுமையும் அவளுக்கு இருந்தன.

முப்பத்தெட்டாம் வருஷம் பெருநாளுக்குக் கொழும்பிலிருந்து ஹபீபுல்லா வந்தான். சாரா பீவிக்கு ஒரே தம்பி. அங்கே புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பார்க்கிறவன். எந்தக் காரியத்தையும் வேடிக்கையாக ஆரம்பித்து வில்லங்கத்தில் முடிக்கிறவன். முட்டையும் தேங்காய்ப்பாலும் விட்டு அவித்த வட்டிலப்பத்தை இரண்டாவது தடவையாகப் போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"அக்கா, எங்க முதலாளி மகன் சேக் மைதீனை உனக்குத் தெரியும்ல? போன வருஷம் நம்ம சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்கு வந்திருந்தானே. அவங்க அம்மா ஷரபுன்னிசா நம்ம ஆரிஃபாவைக் கேக்கச் சொல்லுது."

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆரிஃபா உரலில் கையை நிறுத்தினாள். அந்தக் கல்யாணத்தில் ஜன்னல் வழியாக அவனைப் பார்த்திருக்கிறாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்கிறவன். பல் கோணல் போலிருக்கிறது என்று அப்போது நினைத்தாள். பரவாயில்லை என்றும் நினைத்தாள்.

"கொழும்பா? ஏண்டா, கொழும்பு ஊறுகாய்த் தூரம்டா. போட்மெயில்ல ஏறி, கப்பல்ல ஏறி, திரும்ப ரயில்ல ஏறி, ஒரு பகலும் ஒரு ராவும் போயி இறங்கணும். என் சோறு புழுத்துப்போயில்ல இறங்கும்?"

"அது கப்பல்ல போறவங்க கணக்குக்கா. இப்பதான் ஏரோப்ளேன் வந்துடுச்சே. மெட்ராஸ்லேருந்து வந்து இங்க இறங்கி நேரா கொழும்புக்குப் போகுது. மச்சான், நீங்க பாக்கலையா?"

முகம்மது கனி தலையாட்டினார். "கிடங்குக்குத் தலைக்கு மேலதான் போகுது. காயப்போட்ட தோலெல்லாம் படபடன்னு எந்திரிச்சு நிக்குது."

"எவ்வளவு நேரமாம்?"

"இருநூத்தி எண்பது மைலு. ரெண்டரை மணி நேரம்."

சாரா பீவி கரண்டியைக் கீழே வைத்தாள். "ரெண்டரை மணியா? நம்ம ஜட்காக்காரன் உறையூருக்குப் போயி, வழியில டீ குடிச்சு, குதிரைக்குத் தண்ணி காட்டித் திரும்பி வர்றதே அவ்வளவு நேரமாகுதுடா."

"அதான் சொல்றேன். உன் கணக்குப்படி பாத்தா கொழும்பு இப்ப தஞ்சாவூருக்கு இந்தப் பக்கம் வந்துடுச்சு. காலையில வடிச்ச சோறு மத்தியானம் தட்டுல. நீதானே நாலு பேர் முன்னால சொன்னே?"

தன்னுடைய சொல்லே கால் முளைத்து வந்து எதிரில் உட்கார்ந்துகொண்டதைச் சாரா பீவி அப்போதுதான் பார்த்தாள். தம்பிக்கு மூன்றாவது தடவை வட்டிலப்பம் வைக்கவில்லை.

மறுநாள் கொல்லைச் சுவரண்டை போய் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் லூர்துராணியின் வீடு. அவள் புருஷன் தைரியராஜ் பொன்மலை ரயில்வே பட்டறையில் பிட்டர். ரயிலைத் தவிர வேறு எதையும் வண்டி என்று அவர் ஒப்புக்கொள்வதில்லை. பஸ் என்று சொன்னாலே முகத்தைச் சுளிப்பார். ஏரோப்ளேன் என்றதும் சோப்புப் போட்டிருந்த முகத்தோடு சுவரண்டை வந்துவிட்டார்.

"ரெண்டரை மணின்னு யாரு பாயம்மா சொன்னது? அது தரையை விட்டுக் கிளம்பினதுலேருந்து தரையைத் தொடற வரைக்கும். நீங்க என்ன, ஏரோட்ரோம்லயா சோறு ஆக்கப் போறீங்க? இங்கேருந்து ஜட்காவுல அங்க போகணும். போயிக் காத்துக் கிடக்கணும். அங்க எறங்கினா ஊருக்கு வெளியில எறக்கிவிட்டுருவான். அதுக்கப்புறம் காரு பிடிச்சுப் போகணும். வாசல்லேருந்து வாசலுக்கு எவ்வளவுன்னு கேளுங்க. அதுவும் மேல போகப் போகக் குளிரு. அஞ்சாயிரம் அடியில உங்க நெய்ச்சோறு கல்லாட்டம் ஆயிடும். நெய்யி வெள்ளையா உறைஞ்சு நிக்கும்."

"வாசல்லேருந்து வாசலுக்கு" என்று சாரா பீவி சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு உயிர் வந்தது. "நல்லா இருப்பே தம்பி. மூஞ்சியைக் கழுவு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் தம்பியைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"டே ஹபீபு, நீ எப்படி ஊருக்குப் போறே?"

"ஏரோப்ளேன்லதான். முதலாளி அவசரமா வரச் சொல்லித் தந்தி அடிச்சிருக்காரு. டிக்கெட்டும் அவரே எடுத்துட்டாரு."

"அப்ப சரி. நான் நெய்ச்சோறு ஆக்கித் தரேன். நீ கேரியர்ல கொண்டுபோயி அந்த ஷரபுன்னிசா முன்னால வை. அந்தம்மாவே மூடியைத் திறக்கட்டும். நெய்யி உருகி இருந்தா கொழும்பு சோத்துத் தூரம், பொண்ணு உங்களுக்கு. நெய்யி உறைஞ்சிருந்தா ஊறுகாய்த் தூரம். அதுக்கப்புறம் இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. அந்தம்மா சொல்றதைத் தந்தியில அடி. நீ சொன்னா நம்ப மாட்டேன்."

"நம்பாதே. நானே என்னை நம்ப மாட்டேன்."

"உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று வீட்டுக்காரரைக் கேட்டாள். அவர் தலையாட்டினார்.

ஹபீபுல்லா தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனபோது ஆரிஃபா அவன் காதோரம் ஏதோ கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். பிறகு, "ஆள் போனாத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கப் பார்த்துப் புரையேறி, தலையைத் தட்டிக்கொண்டே வெளியே வந்தான்.

நெய்ச்சோறு ஆக்க வேண்டிய காலையில் சாரா பீவி சுபுஹு தொழுகை முடிந்தவுடன் அடுப்பு மூட்டினாள். அவள் மனசில் ஒரு திட்டம் இருந்தது. சோற்றைச் சீக்கிரமே இறக்கிவிடுவது. பெரிய தாம்பாளத்தில் கொட்டிப் பரத்திவிடுவது. உதிரி உதிரியாக வருவதற்காகப் பரத்தினேன் என்று சொன்னால் யாரால் குறை சொல்ல முடியும்? நன்றாக ஆறிய பிறகு அள்ளிக் கேரியரில் போட்டால், மிச்சத்தை ஆகாசம் பார்த்துக்கொள்ளும்.

அப்படியே செய்தாள். பட்டையும் ஏலக்காயும் மணக்க, சோறு தாம்பாளத்தில் பரந்து கிடந்தது. அவள் விசிறியைக்கூட எடுத்துவிட்டாள். ஆரிஃபா பக்கத்தில் உட்கார்ந்து தாளிச்சாவுக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா விசிறுவதைப் பார்த்தாள். இரண்டு கத்தரிக்காய் முடிந்த பிறகு, காயிடம் சொல்வது போலச் சொன்னாள்.

"ஆறின நெய்ச்சோத்துல நெய்யி பொட்டுப் பொட்டா வெள்ளையா நிக்கும்லம்மா? அவங்க வீட்டுல தெரு சனமே கூடியிருக்குமாம், மூடியைத் திறக்கிறதைப் பாக்க."

விசிறி நின்றது.

"யாரு சொன்னா?"

"மாமாதான். திருச்சிலேருந்து சோறு பறந்து வருதுன்னு அந்தத் தெரு முழுக்கச் சொல்லியாச்சாம். அந்தம்மாவோட மூணு மதினிங்களும் வர்றாங்களாம்."

சாரா பீவி தாம்பாளத்தைப் பார்த்தாள். கொழும்பில் ஒரு கூடத்தில், முகம் தெரியாத மூன்று மதினிமார்கள் எட்டிப் பார்க்க, தன்னுடைய கேரியரின் மூடி திறக்கிறது. உள்ளே கட்டி தட்டிய சோறு. 'பாலக்கரை சாரா பீவின்னாங்க, இதானா?' என்று ஒருத்தி இன்னொருத்தியின் இடுப்பில் இடிக்கிறாள். கல்யாணம் நடந்தால் ஒரு மகள்தான் போவாள். இது நடந்தால் பேரே போய்விடும். திருப்பி அழைத்து வர முடியாத இடத்துக்குப் போய்விடும்.

"எந்திரி. கங்கு எடு" என்றாள்.

சோறு மறுபடி அண்டாவுக்குள் போனது. மூடியைச் சுற்றி மாவு ஒட்டி, மேலே கங்கு போட்டுத் தம் வைத்தாள். கேரியரின் நாலு அடுக்கிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, ஊற்றிய தண்ணீரை வடித்து, வாழையிலையை அனலில் வாட்டி உள்ளே விரித்தாள். சோற்றைக் கரண்டி தாங்காத சூட்டோடு அமுக்கினாள். மேலடுக்கில் தாளிச்சா, அதற்கு மேல் கறி. கேரியரைச் சுற்றி உலர்ந்த துணி இரண்டு, அதற்கு மேல் முகம்மது கனி பனிக்காலத்தில் பள்ளிவாசலுக்குப் போர்த்திப்போகும் கம்பளிச் சால்வை. பிறகு வைக்கோல் திணித்த பிரம்புக்கூடை. எல்லாம் முடிந்து நிமிர்ந்த பிறகுதான், தான் என்ன செய்துவிட்டோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் ஜட்கா வாசலில் வந்து நின்றுவிட்டது.

"சரி, ஆகாசம் குளிராத்தானே இருக்கும்?" என்று யாரிடமோ கேட்டுக்கொண்டு வண்டியில் ஏறினாள். கேரியர் ஏரோப்ளேனில் ஏறுவதைக் கண்ணால் பார்க்காமல் விட அவளுக்கு மனசில்லை.

ஏரோட்ரோம் ஒரு பெரிய பொட்டல். ஒரு கொட்டகை, ஒரு கொடிக்கம்பம். ஜட்காவின் திரையை இரண்டு விரல் அகலத்துக்கு விலக்கிச் சாரா பீவி பார்த்தாள். ஏரோப்ளேன் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. தபால் மூட்டைகளுக்கு நடுவில் நாலைந்து பேர் உட்காரலாம். கொட்டகை வாசலில் ஒரு தராசு. மூட்டைகளை நிறுப்பது போல ஆட்களையும் நிறுத்தார்கள். நெற்றியில் நாமம் இட்ட ஸ்ரீரங்கத்து குமாஸ்தா ஒருவர் நின்றுகொண்டு எடையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஹபீபுல்லா ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் பிரம்புக்கூடையுமாக ஏறி நின்றான். முள் எகிறியது.

"ஓய், நீர் ஒருத்தரா ரெண்டு பேரா? எடை அதிகம். எதையாவது இறக்கும். கூடையில என்ன?"

"சோறுங்க."

"சோறா? ஆகாசத்துல போய்ப் பந்தி வைக்கப் போறீரா?"

"கொழும்புல ஒரு வீட்டுக்குங்க. சூடா போகணும்."

"எங்க பெருமாளுக்கே திருமடப்பள்ளியிலேர்ந்து சந்நிதி வரைக்கும்தான் தளிகை போறது. உங்காத்துச் சோத்துக்குச் சமுத்திரம் தாண்டணுமாக்கும்? கூடையை இறக்கும் ஸ்வாமி."

ஜட்காவுக்குள் சாரா பீவியின் முகம் மலர்ந்தது. கூடை இறங்கினால் பேச்சே முடிந்தது. பேரும் போகாது, மகளும் போக மாட்டாள். சோற்றை எடுத்துக்கொண்டு நேராக உறையூருக்குப் போய்விடலாம்.

ஹபீபுல்லா கூடையைக் கீழே வைக்கவில்லை. பெட்டியை இறக்கி, வழியனுப்பக் கூட வந்திருந்த மச்சானிடம் கொடுத்தான். முள் கொஞ்சம்தான் இறங்கியது. செருப்பைக் கழற்றினான். கோட்டைக் கழற்றினான். துருக்கித் தொப்பியைக் கழற்றி மச்சான் தலையில் வைத்தான். கடைசியில் குமாஸ்தாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"போதும் போதும், வேஷ்டியில கை வைக்காதேயும். ஏறும்."

வெறுங்காலோடும் பிரம்புக்கூடையோடும் ஹபீபுல்லா ஏரோப்ளேனில் ஏறினான். அது பொட்டலில் ஓடி, எழும்பி, செம்பட்டுப் பக்கம் வளைந்து, தோல் கிடங்குக்கு மேலே போய்ச் சின்னதாகியது. முகம்மது கனி தொப்பிக்கு மேல் தொப்பியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தோலெல்லாம் பறந்திருக்கும்" என்றார்.

தந்தி சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வந்தது. இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் தைரியராஜ் ஒருவர்தான். வேலை முடிந்து சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தவரிடம் சுவருக்கு மேலால் நீட்டினார்கள். அவர் ஒரு தடவை வாய்க்குள் படித்தார். முகம் தொங்கிப்போனது.

"என்ன தம்பி? சொல்லு."

"சோறு சூடு. நெய் உறையலை. ஷரபுன்னிசா."

முகம்மது கனி தலையாட்டப் போனவர், எந்தப் பக்கம் ஆட்டுவது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். லூர்துராணிதான், "அக்கா, நீங்க துணி சுத்தி அனுப்புனா உறையுமா? மேகத்தையே வேக வச்சிருக்கும்" என்றாள்.

"அவ்வளவுதானா? சோறு எப்படி இருந்துச்சுன்னு போடலை?" என்று கேட்டாள் சாரா பீவி.

"தந்தியில வார்த்தைக்கு வார்த்தை காசு பாயம்மா."

"ருசிங்கிற ஒரு வார்த்தைக்கு அப்படி என்ன காசு?" தந்தியை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி. நாலு பேர் முன்னால சொன்னது சொன்னதுதான். பள்ளிவாசலுக்குப் போனா பெரியவங்ககிட்ட சொல்லிடுங்க. கொழும்பு சோத்துத் தூரம்."

சாரா பீவி ரொம்ப நேரம் சோர்ந்து உட்காருகிறவள் இல்லை. மறுநாள் காலையிலேயே எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டாள். கொழும்பு கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தபிறகு கவலைப்பட என்ன இருக்கிறது? பெரிய கடைவீதிப் பாத்திரக் கடைக்கு ஆளனுப்பி, மூடி இறுக்கமான ஐந்தடுக்குக் கேரியர் ஒன்று சொல்லிவைத்தாள். வீராயியிடம் நல்ல வைக்கோல் வேண்டும் என்றாள். லூர்துராணியிடம் சுவருக்கு மேலாலேயே திட்டம் முழுவதும் சொல்லிவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை உறையூரு, வெள்ளிக்கிழமை கொழும்பு. ரெண்டு மகளையும் ஒரே மாதிரிதான் பாக்கணும். நாளைக்கு ஒருத்தி குறை சொல்லக் கூடாதுல்ல?"

அடுக்களைக்குள் ஆரிஃபா அரிசி களைந்துகொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. களைந்த அரிசியை இன்னொரு தடவை களைந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் முகம்மது கனி கிடங்கிலிருந்து நேரம் கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்தார். கையில் பிரம்புக்கூடை. கொழும்பிலிருந்து வந்த ஒரு வியாபாரி, ஏரோட்ரோமில் இறங்கியதும் ஆளனுப்பிக் கிடங்கில் கொடுக்கச் சொன்னாராம். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்புகிற வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. ஷரபுன்னிசா வீட்டிலும் இல்லை போலிருந்தது. சாரா பீவி சால்வையை அவிழ்த்து மூடியைத் திறந்தாள். ஓரடுக்கில் வட்டிலப்பம், ஓரடுக்கில் தேங்காய்ப்பால் விட்ட கோழி ஆணம், மற்ற இரண்டடுக்கில் சிவப்பரிசி இடியாப்பம். கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

ஆணத்தை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். இன்னொரு விரலாலும் தொட்டு வைத்தாள்.

"உப்பு ஒரு கல்லு தூக்கல்" என்றாள். அதுதான் அவள் வாயிலிருந்து வரக்கூடிய உச்சமான பாராட்டு.

"சரி, அந்தம்மாவும் சளைச்சவ இல்லை. வெள்ளிக்கிழமைக்கு நான் பிரியாணி வைக்கிறேன். ஏங்க, ஏரோட்ரோம்ல அந்த நாமக்கார ஐயாகிட்டக் கேட்டுட்டு வாங்க, வாராவாரம் கேரியரைக் கட்டிக் கொடுத்தா போட்டு அனுப்புவாங்களான்னு."

முகம்மது கனி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வழக்கம்போலத் தலையாட்டப் போனவர் இந்தத் தடவை வாயைத் திறந்துவிட்டார்.

"அதெல்லாம் அனுப்ப மாட்டாங்க சாரா. சமைச்ச சாமானைப் பார்சல்ல எடுக்க மாட்டாங்களாம். ஆள் ஏறிப் போனா கையில கொண்டுபோலாம், அவ்வளவுதான். இது அந்த வியாபாரி வந்ததால வந்துச்சு."

"இது எப்பலேருந்து சட்டம்?"

"முதல்லேருந்தே அப்படித்தானாம். உனக்குத் தெரியாதா? நம்ம ஆரிஃபா அன்னிக்கே ஹபீபுல்லாகிட்ட இதைத்தானே கேட்டுச்சு. ஏரோட்ரோம்ல பெட்டி தூக்கிட்டு வரும்போது சொல்லிச் சொல்லிச் சிரிச்சானே. நான் உனக்கும் தெரியும்னுல்ல இருந்தேன்."

சொல்லிவிட்டு அவர் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். தான் சொன்னதில் ஏதாவது இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

அடுக்களையில் அம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள். ஆரிஃபா வட்டிலப்பத்தை வேறு தட்டுக்கு மாற்றினாள். இடியாப்பத்தை எடுத்துத் துணி போட்டு மூடினாள். கோழி ஆணத்தைச் சட்டியில் ஊற்றி, அடுக்கின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

சாரா பீவி மணையில் உட்கார்ந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் எத்தனை காலமாகத் தன் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று இப்போதுதான் கணக்குப் பார்க்கிறவள் போல இருந்தது அந்தப் பார்வை. கோபம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. தம் சரியாக வந்த சோற்றை மூடி திறந்து பார்க்கும்போதும் அவள் முகம் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

"ஆரிஃபா."

"ம்."

"அன்னிக்குக் காலையில நெய்யைப் பத்திச் சொன்னியே. தெரு சனம் கூடியிருக்கும்னு. மூணு மதினிங்க வருவாங்கன்னு." கொஞ்சம் நிறுத்தினாள். "அந்தம்மாவுக்கு மதினின்னு யாராச்சும் இருக்காங்களாடி?"

ஆரிஃபா காலியான நாலு அடுக்குகளையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தாள். மாடத்திலிருந்து ஒரு சுளை புளியை எடுத்துக்கொண்டாள். அடுப்படியிலிருந்து ஒரு கை சாம்பலையும் அள்ளிக்கொண்டாள். கேரியரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கிணற்றடிப் பக்கமாக வெளியே போனாள்.